விசா இல்லாமல் வரும் விருந்தாளிகள்

கேள்வி: புதிதாக கேமரா வாங்கியிருக்கிறேன். பறவைகளைப் படமெடுக்க கென்யா போகலாமா, உள்ளூரிலேயே தொடங்கலாமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உள்ளூரிலேயே தொடங்குங்கள். விசாவுக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கே வருகிறது. பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அந்த மரியாதையைக் கேமராவோடு நீங்களும் எடுத்துச் செல்லுங்கள்: கூட்டை நெருங்காதீர்கள், குஞ்சுகள்மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

வெயில் ஏறுமுன் போய், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, பறவையின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி இருக்கட்டும்.

முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டோடும் மின்கம்பியில் உட்காரும் பஞ்சுருட்டானோடும் பழகுங்கள். இரண்டுக்கும் கென்யாவில் சொந்தக்காரர்கள் உண்டு. பூச்சியைப் பிடித்த பஞ்சுருட்டான் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். இதை இங்கேயே கற்றவர், அங்கே பறவையைத் துரத்த மாட்டார். காலியான கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பார். கென்யாவுக்குப் பணம் சேருங்கள்; அதுவரை கூந்தன்குளத்தில் பொறுமையைச் சேருங்கள்!