ஓசி நிழலுக்கு ஓர் ஒப்பாரி

2008-ல் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடப்பட்டபோது மெட்ராஸே மூக்கைச் சிந்தியது. அந்த அழுகையைப் பார்த்த வெளியூர்க்காரர் யாராவது இருந்தால், இவ்வளவு பேரும் அங்கே தினமும் இலை போட்டு வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் என்றுதான் நினைத்திருப்பார். நடந்தது வேறு. நாலு பேர் போவோம். இரண்டு காபி சொல்வோம், கூடவே இரண்டு காலி டம்ளர் கேட்போம். மூன்று மணி நேரம் உட்காருவோம். சர்வர் மேசையைத் துடைக்கிற சாக்கில் நாலு தடவை வந்து போவார். ஐந்தாவது தடவை எங்கள் முழங்கையையும் சேர்த்துத் துடைப்பார். நாங்கள் முழங்கையைத் தூக்கிக்கொண்டு உலக சினிமாவைத் தொடருவோம்.

1962-ல் அது திறந்தபோது ஊருக்கே அதிசயம். மரத்தடியில் காரை நிறுத்தினால் கார் ஜன்னலிலேயே தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். அமெரிக்காக்காரன் பர்கருக்குக் கண்டுபிடித்ததை நாம் சாம்பார் வடைக்குப் பயன்படுத்தினோம், புதுத் துணி போட்ட கார் சீட்டுகளின் கதி என்ன ஆகும் என்று யோசிக்காமலே. கார் இல்லாதவர்கள் 29சி-யில் வந்து ஸ்டெல்லா மாரிஸ் நிறுத்தத்தில் இறங்கி, டிரைவை விட்டுவிட்டு இன்னை மட்டும் செய்தார்கள். பெரும்பான்மை இவர்கள்தான். உதவி இயக்குநர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், பெண் பார்க்க வந்து பெண்ணைத் தவிர எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள். எடுக்கவே படாத எத்தனையோ வெள்ளிவிழாப் படங்கள் அந்த மரத்தடியில்தான் ஓடி முடிந்தன.

நிலம் அரசாங்கத்திடம் திரும்பிப் போய், 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. பழைய மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். நிழலும் அதே நிழல்தான். ஆனால் உள்ளே போக டிக்கெட். அழுகைக்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும். போனது சோலே பட்டூரா இல்லை, ஓசி நாற்காலி.

காணாமல் போன மெட்ராஸுக்காகக் கண்ணீர் விடுகிற யாரையும் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே நீங்கள் மொத்தமாக எவ்வளவு செலவு பண்ணியிருப்பீர்கள்? பேச்சு உடனே வெயிலைப் பற்றித் திரும்பிவிடும்.

மவுண்ட் ரோடு சஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் வந்தது. சஃபையர், எமரால்ட், புளூ டயமண்ட் என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர். மல்டிபிளெக்ஸ் என்ற சொல்லே இங்கு வராத காலம். இதில் புளூ டயமண்டுக்குத் தனிப் பெருமை. தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், எழுந்து போகாமலும் இருக்கலாம். முதலில் வில்லன் சாவான், அப்புறம் விளம்பரம் வரும், அப்புறம் அதே வில்லன் பிறந்தநாள் கொண்டாடுவான். ஒரு தலைமுறையே ஆங்கிலப் படங்களை இப்படிப் பின்னாலிருந்து முன்னால் பார்த்து வளர்ந்ததால்தான், பிற்பாடு வந்த நான்-லீனியர் கதை சொல்லல் எதுவும் எங்களை அசைக்கவில்லை. மே மாதத்தில் அங்கே படம் பார்த்தவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம். ஒரு டிக்கெட்டுக்கு நாள் முழுக்க ஏசி. 1994-ல் மூடினார்கள். இந்தக் கணக்கில் முப்பது வருடம் தாங்கியதே பெரிது.

செலவழிக்காமல் யாரும் தப்பிக்க முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம், மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயர். வெளியே பார்த்தால் ஏதோ நவாபின் மாளிகை. உள்ளே போனால் கிராமபோன் தட்டு, கண்ணாடி இல்லாத மூக்குக் கண்ணாடிச் சட்டம், பட்டாளத்து பூட்ஸில் இடது கால், முயல், தங்கமீன், ஷேக்ஸ்பியர். அங்கே ஒரு எழுதாத சட்டம் இருந்தது. விலை கேட்கக் கூடாது. கேட்டால் தீர்ந்தது.

"இது என்ன விலைங்க?"

"நாப்பது ரூபா சார்."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்கறதுக்கு இது இன்னா உன் மாமியார் ஊடா? வாய தொறந்து கேட்ட இல்ல? நீ ஒரு வெல சொல்லிட்டுப் போ."

தப்பித்துவிடும் உத்தேசத்தோடு, "நாலு ரூபாய்" என்பீர்கள்.

"எட்த்துக்கோ."

அவ்வளவுதான். வலது கால் இல்லாத ஒரு பூட்ஸோடு வீட்டுக்கு வந்து, நாலு ரூபாய்க்குக் கொடுக்கிறான் என்றால் அது ஒரு ரூபாய்தான் பெறும் என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுக்க வேண்டியது. ரேடியோ வாங்கியவர்கள் கதை இன்னும் மோசம். கடையில் பாடியது, வீட்டில் பிரித்தால் செங்கல் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருந்தது. ஆனாலும் அந்தச் செங்கலைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்த வீரர் எவரையும் நான் சந்தித்ததில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் விலை கேட்பார்களோ என்ற பயம்.

அங்கே இருந்த பழைய புத்தகக் கடைகளைப் பற்றி உருகாத எழுத்தாளர் இல்லை. அந்தக் கடைகளின் பொருளாதாரமே மாணவர்களால் நடந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். ஏப்ரலில் பரீட்சை முடிந்த கையோடு அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் அங்கே போகும், பணம் புளூ டயமண்டுக்குப் போகும். ஜூன் மாதம் ரிசல்ட் வந்ததும் அதே பையன் அதே கடைக்கு அதே புத்தகத்தைத் தேடி வருவான். கடைக்காரர் எடுத்துப் போட்டுச் சத்தியம் பண்ணுவார்: "புத்தம் புதுசு சார். ஒரு பக்கம்கூடப் பிரிக்கல. அந்தப் பையன் தொட்டே பாத்திருக்க மாட்டான்." பையன் தலையைக் குனிந்துகொண்டு இரட்டை விலை கொடுப்பான்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. தீ எப்படிப் பிடித்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு துப்பறியும் நாவல் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்கவும் காபி வாங்கித்தர வேண்டும். இடம் ரயில்வேக்குப் போய், இப்போது அங்கே புறநகர் ரயில் நிலையம். அதன் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். அசலை நினைவில் வைத்துக்கொள்ள அருகே குட்டியாக ஒரு மாதிரிக் கட்டடமும் கட்டி வைத்தார்கள். கடைகளை எங்கே அனுப்பினார்கள்? பக்கத்தில் அல்லிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதைத் தூர்த்துக் கட்டிய அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு. அல்லியும் இல்லை, குளமும் இல்லை. மழை பெய்தால் மட்டும் ஊர் முழுக்கக் குளம்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. கிராமத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு அது உசிர் காலேஜ், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். மெட்ராஸில் மற்ற காலேஜ்களுக்கு அட்மிஷன் கிடைக்காத வருத்தத்தை அவர்கள் இந்த இரண்டிலும் தீர்த்துக்கொண்டார்கள். மூர் மார்க்கெட் எரிந்த அதே 1985-ல் உசிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோனது. சென்ட்ரலில் இறங்கி மூட்டை முடிச்சோடு நடந்தே போய்ப் புலியைப் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்த சொந்தக்காரர்கள், அதற்கப்புறம் நம் வீட்டில் இரண்டு நாள் தங்க ஆரம்பித்தார்கள். அந்த இடமாற்றத்தின் உண்மையான பாதிப்பை யாரும் ஆராயவில்லை.

பெங்களூர்க்காரர்கள் இப்படிப் பழங்கதை பேசினால் நடுவில் ஒரு பப் வந்துவிடும். எங்களுக்கு ஏது பப்? எங்களுக்குப் பர்மிட்தான். குடித்தால்தான் உடம்பு தாங்கும் என்று டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கினால், குடிக்க அரசாங்கம் அனுமதி தரும். பயில்வான் மாதிரி இருந்தவர்களெல்லாம் அந்தச் சீட்டுக்காக இருமினார்கள். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974-ல் திரும்பப் பூட்டினார்கள், 1981-ல் திறந்தார்கள், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. அதற்கு மட்டும் ஒப்பாரி வைக்க இன்னும் சந்தர்ப்பமே அமையவில்லை.

அதே 1974-ல் குதிரைப் பந்தயத்தையும் ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே, திமிறுகிற குதிரையை ஒருவர் இழுத்துப் பிடிக்கிற மாதிரி சிலையும் வைத்தார்கள். மேம்பாலத்துக்குப் பெயர் கொடுத்த ஜெமினி ஸ்டுடியோ போயே போய்விட்டது, குதிரை நிற்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 1996-ல் குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பு வந்தது. சிலையிலிருந்தவர் அதைக் கேட்டும் கயிற்றை விடவில்லை. கடைசியில் 2024-ல் குத்தகையை ரத்துசெய்து கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசாங்கம் சீல் வைத்தது. ஐம்பது வருட உழைப்பு வீண் போகவில்லை.

சீல் வைத்த வாரமே எங்கள் தெருவில் துக்கம் ஆரம்பமாகிவிட்டது. என்ன கம்பீரம், என்ன தொப்பிகள், எப்பேர்ப்பட்ட மனிதர்கள் வந்துபோன இடம் என்று பெஞ்சில் நாலைந்து பேர் உருகிக்கொண்டிருந்தோம். உருகியவர்களில் ஒருத்தரும் ஒரு பந்தயம்கூடக் கட்டினதில்லை. எங்களில் வயதில் மூத்தவர், வாலிபத்தில் சனிக்கிழமை தவறாமல் கிண்டிக்குப் போய் மனைவியின் நாலு வளையலையும் ஒவ்வொன்றாகக் குதிரைக்குப் போட்டவர், அவர் மட்டும் வாயே திறக்கவில்லை. "நீங்க என்ன அண்ணே சொல்றீங்க?" என்றோம்.

"சாமான்லாம் ஏலம் விடுவானாமே," என்றார். "அந்த மூணாம் நம்பர் குதிரை கெடைக்குமா கேட்டு சொல்லு. அத நாலு சாத்து சாத்தணும்."