புள்ளியின் ஸ்தானத்தில் நட்சத்திரம்

கேள்வி: மேசைத் தொலைபேசிக்கு ஐ.பி. முகவரி கொடுக்கச் சொல்கிறார்கள். எண்களுக்கு நடுவே புள்ளி வைக்கப் பன்னிரண்டு பொத்தான்களில் ஒன்றுகூட இல்லையே?

பதில்: இருக்கிறது; நட்சத்திர வேஷத்தில் இருக்கிறது. சிஸ்கோ ஆனாலும் அவாயா ஆனாலும், 192 என்று அழுத்திவிட்டு * பொத்தானை ஒரு முறை தொட்டால் திரையில் புள்ளி விழுந்து, அடுத்த எண்ணுக்கு இடம் கிடைத்துவிடும். 1963-இல் அமெரிக்காவில் பெல் நிறுவனத்தார் பொத்தான் தொலைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பத்துப் பொத்தான்களே இருந்தன. மனிதர் ஒருவரையொருவர் அழைப்பதற்கு அவசியமில்லாத நட்சத்திரமும் # குறியும் 1968-இல் வந்து சேர்ந்து, யந்திரத்துக்கு உத்தரவிடும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டன.

கேள்வி: கணக்குப் பிரிவு நண்பர் பார்க்காமலே தட்டுவார். அவர் கொடுத்த முகவரியைக் கருவி ஏற்கவில்லை. ஏன்?

பதில்: அவருடைய விரல்கள் கணக்கிடும் கருவியில் பயின்றவை. அங்கே 7, 8, 9 மேல் வரிசை. தொலைபேசியிலோ 1, 2, 3 மேல் வரிசை. ஆகவே பழக்கத்தால் அவர் 192 தட்ட, திரையில் 738 விழும், ஐ.பி. முகவரியின் எந்தப் பகுதியும் 255-ஐத் தாண்டலாகாது என்பதால் கருவி மறுத்ததில் நியாயமே இருக்கிறது. பொத்தான்களை எவ்வாறு அடுக்குவது என்று பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் பலவித அமைப்புகளை மனிதர்களைக் கொண்டு பரிசோதித்து, முடிவை 1960-இல் வெளியிட்டார்கள். இன்றைய அடுக்கு அந்தப் பரிசீலனையின் பயன். நண்பரைப் பார்த்தே தட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய சிஸ்கோ 7960-இல் பூட்டுப் படம் தெரிகிறது, ஒன்றையும் மாற்ற முடியவில்லை.

பதில்: அமைப்புப் பட்டியலில் நின்றுகொண்டு **# அழுத்துங்கள். பூட்டு திறக்கும்.

கேள்வி: அவாயா கருவியில் மெக்கானிக் மியூட் பொத்தானைத் தட்டி, 27238# என்று ஏதோ மந்திரம் போல் அழுத்துகிறாரே?

பதில்: மந்திரமன்று, அமைப்புப் பட்டியலைத் திறக்கும் ரகசியச் சொல்லின் எழுத்துக்கூட்டல். ஒவ்வோர் எண்ணின் மீதும் அச்சிட்டுள்ள ஆங்கில எழுத்துகளைக் கவனித்தால் 'கிராஃப்ட்' என்ற சொல் ஐந்து எழுத்தில் புலப்படும். மறக்க முடியாத இந்தச் சௌகரியமே அபாயமுமாகும்; ஏனெனில் இவ்வெண் அந்நிறுவனத்தின் கையேட்டிலேயே அச்சாகியிருக்க, வரவேற்பறையில் காத்திருக்கும் எவரும் உங்கள் தொலைபேசியின் முகவரியை மாற்றி அதை ஊமையாக்கிவிட்டுப் போகலாம். இதைத் தடுக்க, கருவிகள் யாவும் இயங்கத் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி திருத்தினால் போதும். எல்லாவற்றுக்கும் புது ரகசிய எண் வந்துவிடும். மெக்கானிக் அலுவலகத்தை விட்டுக் கிளம்புமுன் அந்த வரியைத் திருத்தச் சொல்லி, தயவுசெய்து கூடவே நில்லுங்கள்.