மடிக்கணினித் தெரிவியல்: ஓர் அறிமுகம்

புரோகிராமிங் வேலைக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்தல் என்பது, அந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் பல நேரங்களில் அதற்குப் பதிலாகவும் செய்யப்படும் நெடிய ஆராய்ச்சி. இதில் மூவர் பங்கு பெறுவர்: பயன்படுத்தப் போகிறவர், பணம் கட்டப் போகிறவர், யோசனை சொல்கிறவர். முதலாமவருக்கு ஆசை உண்டு, இரண்டாமவருக்குக் கணக்கு உண்டு, மூன்றாமவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆகவே பெரும்பாலும் மூன்றாமவர் சொல்லே நிற்கும். மூவரும் ஒரே ஆளாக இருக்கும் நிலை, வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனோரிடம் காணப்படுகிறது. அவர்களுக்கும் தேர்வு எளிதாவதில்லை. தமக்குள்ளேயே மூன்று பேராகப் பிரிந்து வாதிடுவர்.

இத்துறையின் வரலாற்றை 1981இலிருந்து தொடங்குவது வசதி. அவ்வாண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1, கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லி விற்கப்பட்டு, வியாபாரத்தில் வெற்றி கண்ட முதல் கணினி. எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். ஒரு வரிக்கு 52 எழுத்து. நினைவகம் 64 கேபி. விலை 1,795 டாலர். உள்ளே பேட்டரி கிடையாது என்பதால், தூக்கிக்கொண்டு போன இடத்திலும் பிளக் பாயின்ட் தேட வேண்டும். இந்த ஒரு பண்பை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல மாடல்கள் கைவிடாமல் காத்து வருகின்றன. அதை வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். விற்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் ஆடம் ஆஸ்பார்ன். இந்த ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் அடியாரும் அவரைப் பற்றி நூல்கள் எழுதியவருமான ஆர்தர் ஆஸ்பார்னின் மகன். சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்து, 2003இல் கொடைக்கானலில் காலமானவர். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிற ஊரில் வளர்ந்தவருக்கு 11 கிலோ ஒரு சுமையாகத் தோன்றியிராது என்று ஊகிக்க இடமுண்டு. சான்று இல்லை.

ஆஸ்பார்ன் இத்துறைக்கு விட்டுச் சென்றவற்றுள் கணினியைக் காட்டிலும் நீடித்தது ஒரு கோட்பாடு. 1983இல், அடுத்து வரப்போகும் மேலான மாடல்களைப் பற்றி நிறுவனம் முன்கூட்டியே பேசிவிட, இருக்கும் மாடலை வாங்க வந்தவர்கள் 'அதுவே வரட்டும்' என்று இருந்துவிட்டார்கள். அதே ஆண்டு நிறுவனம் திவாலானது. வேறு காரணங்களும் உண்டு என்று மறுப்பார் உளர். ஆயினும் 'ஆஸ்பார்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவ்விளைவு விற்றவரை ஒரு முறைதான் தாக்கியது. வாங்குபவரை ஆண்டுதோறும் தாக்குகிறது. "கொஞ்சம் பொறு, ரெண்டு மாசத்துல புது சிப் வருது" என்று ஒருவர் சொன்னால் போதும், வாங்குபவர் பொறுப்பார். புது சிப் வந்ததும் பழைய சிப்பின் விலை இறங்கட்டும் என்று மேலும் பொறுப்பார். விலை இறங்கும்போது ஸ்டாக் தீர்ந்திருக்கும். அதற்குள் அடுத்த சிப்பைப் பற்றிய செய்தி வந்திருக்கும்.

இனித் தெரிவு முறை. சைவ சித்தாந்த அளவையியல், அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கும். கடையில் தொட்டுப் பார்ப்பது காண்டல். பெட்டியில் அச்சிட்டதைப் படித்து ஒரு முடிவுக்கு வருவது கருதல். தெரிந்தவர் சொல்லை நம்புவது உரை.

காண்டல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வந்தவர் மூடியைத் திறப்பார், மூடுவார், ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். காட்சிக்கு வைத்த லேப்டாப்பைத் திருட்டுக்குப் பயந்து மேசையோடு கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். ஆகவே கம்பியின் இழுப்பையும் சேர்த்தே அவர் எடை போடுகிறார். பிறகு நோட்பேடைத் திறந்து தம் பெயரை அடிப்பார். யாருடைய பெயரிலும் செமிகோலனோ கர்லி பிராக்கெட்டோ வருவதில்லை; புரோகிராமர் நாள் முழுதும் அடிப்பது அவற்றைத்தான். எனவே இச்சோதனை செல்லாது. அடித்துப் பார்க்க வேண்டியவை எஸ்கேப், டேப், கன்ட்ரோல், அம்புக்குறிகள், பிராக்கெட்டுகள். சில மாடல்களில் பவர் பட்டன் டெலீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கவனிக்காமல் வாங்கியவர், ஒரு எழுத்தை அழிக்கப் போய் லேப்டாப்பையே தூங்க வைப்பார்.

எஸ்கேப் விசைக்குத் தனி வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் கீபோர்டு அதிகாரம் நிறைவு பெறாது. 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் 'விஐ' என்ற எடிட்டரை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் எஸ்கேப், இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும்படி இருந்தது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன. விசை பின்னர் மேல் மூலைக்குப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அந்த எடிட்டரிலும் அதன் வழிவந்த விம்மிலும் இன்றளவும் எஸ்கேப் அடிக்காமல் காரியம் நடக்காது, நகர்வதும் பெரும்பாலும் அந்த நாலு எழுத்தால்தான். இப்படியிருக்க, 2016இல் ஆப்பிள் நிறுவனம் சில மேக்புக் ப்ரோ மாடல்களில் எஸ்கேப்பை எடுத்துவிட்டு அங்கே ஒரு தொடுபட்டையை வைத்தது. எழுந்த புலம்பல் சிறிதன்று. 2019இல் வந்த 16 அங்குல மாடலில் விசை திரும்பியது. தூசி புகுந்தால் சிக்கிக்கொள்ளும் என்று பெயரெடுத்திருந்த பட்டாம்பூச்சி கீபோர்டும் அதே மாடலில்தான் முதலில் கைவிடப்பட்டது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, அரை அங்குலப் பிளாஸ்டிக் துண்டுக்காகப் பின்வாங்கியது இத்துறைக்குப் பெருமை சேர்ப்பது.

கருதலில் நேரும் பிழைகளுள் தலையாயது ஸ்டிக்கர் மயக்கம். ஐ5ஐவிட ஐ7 உயர்ந்தது என்பது பொதுவிதி. அவ்விதியை நம்பி இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ7-7500யூவை வாங்கியவருக்குக் கிடைத்தது இரண்டு கோர். 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவில் நான்கு கோர். பழைய லேப்டாப் சந்தையில் ஐ7 ஸ்டிக்கருக்கு இதனால் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து ரேம். ஆஸ்பார்னின் 64 கேபியோடு ஒப்பிட்டால் இன்றைய 16 ஜிபி 2,62,144 மடங்கு. வேலை அத்தனை மடங்கு பெருகவில்லை. பிரவுசர் ஒன்று திறந்திருக்கும். கோடு எழுதும் விஎஸ் கோடு, எலெக்ட்ரான் வழியாக, உள்ளுக்குள் இன்னொரு பிரவுசர். அலுவலக அரட்டைக்கான ஸ்லாக்கும் அப்படியே. டிஸ்கார்டும் அப்படியே. ஆக, குரோமியம் என்ற ஒரே பிரவுசர் எஞ்சின் நாலு வேடம் கட்டி நாலு பங்கு ரேமைக் கேட்கிறது. வன்பொருள் வேகமாவதை மிஞ்சி மென்பொருள் மெதுவாகிறது என்று கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எழுதிவைத்தார். படித்தவர்கள் ஆமோதித்துவிட்டு இன்னொரு டேபைத் திறந்தார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து எழுந்தால் 8 ஜிபி திணறும். 16 ஜிபி என்பதே இன்று நடுத்தர நியாயம். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, பிறகு மாற்ற ஸ்லாட் உண்டா என்பதைக் கேட்பவர் குறைவு. கேட்டாலும் கடைக்காரர் "போட்டுக்கலாம் சார்" என்பார். எதில், எங்கே என்பது விளங்காது.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கோடு வரியின் நீளம் எப்போதோ முடிவாகிவிட்டது. 1928இல் ஐபிஎம் வெளியிட்ட துளை அட்டையில் 80 நெடுவரிசை. அந்த அட்டையைக் கண்ணால் பார்த்திராத பைத்தான் எழுத்தர்களும் அம்மொழியின் நடைக்கையேட்டின்படி வரியை 79 எழுத்தில் மடிக்கிறார்கள். அகலத் திரை சினிமாவுக்கு. கோடு கீழ்நோக்கி வளர்வது. ஆகவே 16:9ஐவிட 16:10 மேல்.

உரை என்னும் அளவையே மூன்றிலும் வலிது. உரைப்போர் பலர்: பெங்களூரில் இருக்கும் பெரியப்பா பையன், மாடி வீட்டு ஐ.டி. அண்ணன், யூடியூபில் பெட்டியைக் கத்தியால் கிழிப்பவர். பெரியப்பா பையன் தம்மிடம் உள்ளதையே வாங்கச் சொல்வார். தம்முடையதில் ஏமாந்தவர் மட்டும் வேறொன்றைச் சொல்வார். அவர் சொல்லுக்கு ஆய்வு மதிப்பு கூடுதல்.

உரைப்போர் சமயத்தால் மூவகைப்படுவர்: விண்டோஸார், மேக்கார், லினக்ஸார். ஒருவர் மற்றவர் கோயிலுக்குள் போவதில்லை என்பது வெளித்தோற்றமே. 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2022இல் 5.19ஆம் பதிப்பை வெளியிட்டது ஆப்பிள் லேப்டாப் ஒன்றிலிருந்து. இச்செய்தியைக் கேட்ட லினக்ஸார், அந்த ஆப்பிளில் ஓடியது லினக்ஸ்தான் என்று விளக்குவர். விளக்கம் சரியானது.

விலை ஒத்துவராதபோது ஆராய்ச்சி சென்னை ரிச்சி தெருவுக்கு நகரும். (சி மொழி தந்த டென்னிஸ் ரிச்சிக்கும் மவுண்ட் ரோட்டை ஒட்டிய இத்தெருவுக்கும் உறவு கிடையாது, இருந்திருந்தால் இக்கட்டுரை இன்னும் சிறந்திருக்கும்.) அங்கே கம்பெனிகளில் உழைத்து ஓய்வு பெற்ற திங்க்பேடுகளும் லாட்டிட்யூடுகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். "கம்பெனி பீஸ் சார், டச் பண்ணவே இல்ல" என்பது விற்பவர் வாக்கு. ஏ, எஸ், டி எழுத்துகள் தேய்ந்த கீபோர்டு அதற்கு மறுப்பு. பேட்டரியின் நிலையையும் திரையின் நாலு மூலையையும் பார்த்து வாங்கினால், இத்தெருவின் திங்க்பேடு புதிய மலிவு லேப்டாப்பைவிட உழைக்கும். ஒரு தடை உண்டு. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சிப்புகளை ஏற்பதில்லை. ஆகவே பழைய திங்க்பேடு வாங்கியவர், கொள்கை எதுவும் இல்லாமலேயே, லினக்ஸார் ஆகிறார்.

இனிப் புறனடை. கல்லூரி மாணவர் "மெஷின் லேர்னிங் படிக்கணும், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம முடியாது" என்று வீட்டில் சொல்வது ஒரு தனி வகை. சொல்வதில் பொய் இல்லை. என்விடியா கார்டு இருந்தால் அப்பயிற்சி வேகமாக நடக்கும். பாடத்துக்கு வேண்டிய அளவு கணக்கைக் கூகுள் கோலாப் பிரவுசரிலேயே இலவசமாகச் செய்து தரும் என்பது மட்டும் வாதத்தில் விடுபடும். வந்து சேர்வது ஏழு நிறத்தில் மின்னும் கீபோர்டும் செங்கல் கனத்தில் ஒரு சார்ஜரும். அப்பா நோ காஸ்ட் இஎம்ஐயில் கையெழுத்திடுவார். மெஷின் எதைக் கற்றது என்பது முதல் செமஸ்டர் விடுமுறையில், இரவு இரண்டு மணிக்கு அறைக்குள்ளிருந்து கேட்கும் துப்பாக்கிச் சத்தத்தில் தெரியவரும். கடைசி நிமிடத்தில் தீர்ப்பை மாற்றும் காரணியாக இலவசப் பையையும் சேர்த்துக்கொள்க. இரண்டு மாடலுக்கிடையே மூன்று வாரம் தத்தளித்தவர், பை தரும் கடையில் சில நொடியில் முடிவெடுப்பார்.

தெரிவே இல்லாத இரு கூட்டத்தாரையும் சொல்ல வேண்டும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்கள் லட்சக்கணக்கானோர் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். ரேம் எவ்வளவு என்று வரிசையில் நின்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது பலருக்கும் அப்படித்தான். மற்றொரு கூட்டம் ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்போர். சேர்ந்த அன்று ஐ.டி. டெஸ்க் நீட்டுவதே லேப்டாப். சாஃப்ட்வேர் ஏற்ற அனுமதி கிடையாது, வைரஸ் தடுப்பான் ஒரு கோரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும், சார்ஜர் முன்பு இருந்தவருடையது. மாதச் சம்பளம் பெற்றுத் தரும் கோடு அத்தனையும் அதில்தான் எழுதப்படுகிறது. மூன்று அளவைகளாலும் ஆராய்ந்து சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்பில், மாலையில் வீட்டுக்கு வந்ததும், அடுத்த மாடலின் விமர்சனம் பார்க்கப்படுகிறது.