கல்லில் இறங்கும் கங்கை

கேள்வி: தேசியப் பூங்காவுக்குள் ஆர்ப்பரித்து விழும் அருவியைப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்? (வாசகி, அணுபுரம்)

பதில்: கோவாவில் மொல்லெம் தேசியப் பூங்காப் பகுதியில் தூத்சாகர் 310 மீட்டர் உயரத்திலிருந்து பாலாய்க் கொட்டுகிறது. பார்க்கவேண்டிய அருவிதான். ஆனால் பக்கத்து மாமல்லபுரத்திலேயே பல்லவர்கள் 7-ஆம் நூற்றாண்டில் உங்களுக்காக ஒரு கங்கையை இறக்கி வைத்திருக்கிறார்களே! அங்குள்ள அர்ஜுனன் தபசு என்ற சிற்பப் பாறையின் நடுப்பிளவைப் பாருங்கள். நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள். உச்சியில் தொட்டி கட்டி, அந்தப் பிளவு வழியே நிஜமாகவே தண்ணீர் விழவிட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கீழே ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள்! எந்த அருவியும் இந்தப் பூனையைக் காட்டாது. முதலில் மாமல்லபுரம் போங்கள். தூத்சாகருக்கு மழைக்காலத்தில் ரயில் ஏறலாம்.