நுரைக்கு விசா வேண்டாம்

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்த மறுநாள் காலையில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். தரைப்பாலம் இருக்காது. பாலம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒன்று நின்று அசைந்துகொண்டிருக்கும். காற்று வீசினால் கட்டி கட்டியாகப் பிய்ந்து பறந்து ராகிக் கொல்லையிலும் கோஸ் பாத்தியிலும் போய் உட்காரும். கிட்டே போனால் சலவைத்தூளும் சாக்கடையும் கலந்த வாடை மூக்கில் ஏறும். அந்தக் கரையில் பள்ளிக்கூடம். இந்தக் கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்தான். நுரையில் மிதிக்கிற சைக்கிளை இன்னும் எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் சேர்க்கவில்லை.

இந்தச் சரக்கு உள்ளூரில் தயாரானதல்ல. நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூரு ஓரமாக வரும்போது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழிகிற அந்த மாநகரத்துக் கழிவை வாங்கிக்கொண்டு கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர் 2015-இல் தீப்பிடித்து எரிந்த ஏரி. ஏரி எரிகிற ஊரிலிருந்து வரும் தண்ணீரை நாங்கள் 44.28 அடிக்குத் தேக்கி, எட்டாயிரம் ஏக்கருக்குப் பாய்ச்சி, கீரையாகவும் தக்காளியாகவும் விளையவைத்து, அதே பெங்களூருக்கு வண்டியேற்றி அனுப்புகிறோம். அத்திப்பள்ளிச் சாவடியில் தக்காளி வண்டிக்குக் காகிதம் கேட்பார்கள். நுரையிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஆகவே போன வருஷம் ஒரு சர்வதேசப் பள்ளியின் பளபளப்பான கையேட்டில் ‘மாணவர் பரிமாற்றத் திட்டம்’ என்று படித்தபோது எனக்கு அது புதுச் சங்கதியாகத் தோன்றவில்லை. நாங்கள் ரொம்ப காலமாகப் பரிமாற்றத்தில்தான் இருக்கிறோம்.

இங்கிருந்து 14 நாள் ஐரோப்பா. அங்கிருந்து 14 நாள் இங்கே. விமான டிக்கெட், தங்குமிடம், ‘உலகக் குடிமகன்’ என்று அச்சடித்த சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. எங்கள் ஊரில் அந்தப் பணத்துக்கு ஒரு போர்வெல் போட்டு, தண்ணீர் வராமல் இன்னொன்றும் போடலாம்.

இந்த யோசனையைத் தொடங்கியவர்கள் வேறு மாதிரி ஆட்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் அடிபட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிப்போன அமெரிக்கத் தன்னார்வலர்கள் ஏஎஃப்எஸ் என்று ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். இரண்டாம் போரும் முடிந்தபின், பிணம் சுமந்து சலித்துப்போய், 1947-இல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்ப ஆரம்பித்தார்கள். பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. பத்து மாதம் போல அந்த வீட்டில் இருந்து, அந்த ஊர்ப் பள்ளியில் படித்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்களோடு சண்டையும் போட்டுத் திரும்ப வேண்டும். நேற்றைய எதிரியின் சமையலறையில் பாத்திரம் தேய்த்தவன் நாளைக்கு அவன்மேல் குண்டு போட யோசிப்பான் என்பது கணக்கு. கணக்கு முழுக்கப் பலித்ததா என்பது வேறு. நோக்கம் யோக்கியமானது.

நம்மிடம் வந்ததும் அது ‘புரொஃபைல்’ ஆகிவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை 650 சொல்லுக்குள் தன்னைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். அதை எழுதச் சொல்லிக்கொடுக்க பெங்களூரில் மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கட்டுரைக்கு ஒரு துன்பம் வேண்டும். சொந்த வீட்டில் துன்பம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்ளும். கெலவரப்பள்ளி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது, படத்துக்கும் நன்றாக வரும், 650 சொல்லுக்குள் கச்சிதமாக அடங்கியும் விடும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் அரசுப் பள்ளி மாணவர்கள் ஐம்பது பேர் பின்லாந்து, சுவீடன் போய்வந்தார்கள். 2022 நவம்பரில் போட்டிகளில் ஜெயித்த பிள்ளைகளை ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போனார்கள், அமைச்சரே கூடப் போனார். அந்தப் பிள்ளைகளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். முதல்முறை விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த அரசுப் பள்ளிப் பெண்ணின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து எனக்கே கண் கலங்கியது. கலங்கி முடித்தபின் ஒரு சந்தேகம் வந்தது. உலகத்திலேயே சிறந்த பள்ளிக்கூடம் எது என்று பார்க்கப் பின்லாந்து வரைக்கும் போகிற கோப்பு, ஆற்றின் அந்தக் கரையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பாலத்தை உயர்த்திக் கட்டும் கோப்பைத் தாண்டித்தானே போயிருக்கும்? வழியில் கண்ணில் படவே இல்லையா?

எங்கள் ஜில்லாவுக்குப் பரிமாற்றத்தில் பாரம்பரியமே உண்டு. ஆற்றோடு கீழே போனால் தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த ஊர். அவர் ஓசூரில் படித்து, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குப் போய், சென்னைக்குப் போய், கவர்னர் ஜெனரல் வரைக்கும் போனார். போனவர் 1953-இல் முதலமைச்சராக இருந்துகொண்டு கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் தந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். வெளியூர் போய்ப் படித்தவர் மற்றவன் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பரிமாற்றம் அது. அடுத்த வருஷமே காமராஜர் அதை ஊற்றி மூடினார். கையேட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் நாசூக்கு. வீட்டுக்குப் போ என்று சொல்வதில்லை, ‘நீ அப்படியே இரு, உன்னைப் பார்க்க வருகிறோம்’ என்கிறார்கள்.

இங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள் இல்லாமலில்லை. ஓசூர் ரோஜா போகிறது. பிப்ரவரி 14-க்கு முன்னால் பசுமைக்குடிலில் வெட்டி, குளிர்பதன அறையில் படுக்கவைத்து, முள் நீக்கி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெங்களூரு விமான நிலையம் வழியாக ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்கும். வெட்டிக் கட்டுகிற பெண்ணின் விரலில் முள் கிழித்த தழும்பு மட்டும் ஊரிலேயே தங்கிவிடும். இங்கே வருகிறவர்களும் உண்டு. கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ரயிலேறி வந்தது 2022-இல் செய்தியானது. பிளஸ் டூ முடித்த வயது. மொழி தெரியாத ஊர், பழகாத சோறு, வீட்டை நினைத்து அழுகை. கையேட்டில் ‘கலாசார அதிர்ச்சி’ என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறதே, அதே சாமான்தான். இவர்களுக்கு மட்டும் சான்றிதழ் கிடையாது, ஷிப்டு உண்டு.

சரி, கையேட்டுப் பரிமாற்றத்தின் மறுபாதிக்கு வருகிறேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் பெங்களூரு, ஓசூர்ப் பிள்ளைகளுமாக ஏசி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முகக்கவசம், கையுறை, கழுத்தில் பட்டை. நுரையைப் பார்த்ததும் ஒரு பெண் “ஸ்னோ!” என்று கத்தினாள். நம்மூர்ப் பையன் ஒருவன் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்து முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான். மூன்று தடவை எடுத்தான். இரண்டாவதில் சோகம் போதவில்லை.

கோஸ் பாத்தியில் நின்ற அக்காவிடம் கூட வந்த டீச்சர் கேட்டார், “ஏம்மா, இந்த நுரையால கஷ்டமா?”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “யாரு வூட்டுத் துணி வெளுத்த தண்ணியோ மேடம். துணி வெள்ளையாச்சான்னு அவங்களைத்தான் கேக்கணும்.”

டீச்சர் இதை மொழிபெயர்க்கவில்லை.

அங்கே ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ், பக்கத்து லைன் வீட்டு பீகார்க் குழந்தைகளோடு இந்தி. நாலு பாஷையில் பேரம் பேசுவாள், நாலிலும் திட்டுவாள். அவளிடம், “உன் கனவு என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் டீச்சரே “நர்ஸ்” என்று சொல்லிவிட்டார்.

வந்தவர்களில் ஒரு பையன் மட்டும் படம் எடுக்காமல் நின்றான். “இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டான்.

“மேலேயிருந்து.”

“மேலே யார் இருக்கிறார்கள்?”

டீச்சர் மணிக்கட்டைப் பார்த்தார். சாப்பாட்டு நேரமாகிவிட்டதாம். அவர் குடியிருப்பது சர்ஜாபூர் சாலையில். அந்தப் பையன் தங்கியிருந்த வீடும் அதே பக்கத்து அடுக்குமாடிதான். முந்தின ராத்திரி அவன் சட்டையைத் துவைத்த தண்ணீரும் பின்னாலேயே கிளம்பி வந்துகொண்டிருந்திருக்கும். கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான் என்பதால் அவனை நான் திட்டவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்று, பதில் தெரிந்தும் பேசாமலிருந்த நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்த்தபோதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

வாழையிலை போட்டுச் சாப்பாடு. பரிமாறியவர்கள் கிராமத்துப் பெண்கள். பரிமாற்றம் என்ற சொல் அன்றைக்குப் பொருத்தமாக விழுந்த இடம் அது ஒன்றுதான்: ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் நின்றது.

பிறகு பள்ளிக்கு அன்பளிப்பு. ஆளுக்கொரு சுகாதாரப் பை. உள்ளே ஒரு சோப்பு, ஒரு ஷாம்பு, கை கழுவும் திரவம் ஒரு பாட்டில். எப்படிக் கை கழுவுவது என்று குழாயடியில் செய்தே காட்டினார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, டீச்சர் சத்தமாகச் சொன்னார்:

“நல்லா நுரை வர்ற வரைக்கும் தேய்க்கணும், ஓகேவா?”

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னாள், “அது தானா வரும் மிஸ்.”