போலே போலே

அந்தியூர் பிரிவு டீக்கடைக்கு எதிரே புதிதாக ஒரு பேனர் முளைத்திருக்கிறது. இருபதுக்குப் பத்து அடி. மேல் வரிசையில் கும்பிட்ட கையோடு ஆறு பேர், கீழ் வரிசையில் செல்போனைக் காதில் வைத்தபடி எட்டுப் பேர், மூலையில் இன்னும் பல் முளைக்காத ஒரு 'வருங்காலம்'. நடுவில் நம் ஆள். கம்பளிக் குல்லா, கறுப்புக் கண்ணாடி, வெடித்த உதடு. பின்னால் பனி. நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்த பவானி ஜமக்காளம். 'கிளிமஞ்சாரோவைக் காலடியில் கிடத்திய சிகரச் செம்மளே, வருக வருக!' அச்சகத்துக்காரர் லகரத்தில் கை வைத்துவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"ஏனுங்க, கிளிமஞ்சாரோன்னா எந்திரன் படத்துப் பாட்டுத்தானுங்க?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

அதேதான். 2010-ல் வந்த படம். அந்தப் பாட்டைப் படம்பிடிக்க ஆப்பிரிக்கா போகவில்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மச்சு பிச்சுவுக்குப் போனார்கள். நமக்கு மலையின் பெயர் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தால் போதும், மலை எங்கே இருந்தால் என்ன.

செம்மல் யாரென்று கேட்காதீர்கள். அவர் ஓர் ஆள் அல்ல. கொஞ்சம் ஃபைனான்ஸ், கொஞ்சம் ரைஸ்மில், ஒரு சேவைச் சங்கத்தின் தலைவர் பதவி, அடுத்த தேர்தலில் ஒரு கண் என்று பல பேரைப் போட்டு நான் கிண்டிய அவியல். இந்தப் பேனரும் அந்த அவியலில் சேர்ந்த காய்தான். ஆனால் தொட்டுப் பார்த்தால் உங்கள் ஊரிலும் சூடாகவே இருக்கும்.

முதலில் மலைக்கு அதன் மரியாதையைக் கொடுத்துவிடுவோம். டான்சானியாவில் 5,895 மீட்டர் உயரம், ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே அதுதான் தலை. கயிறு கட்டித் தொங்க வேண்டியதில்லை, நடக்கத் தெரிந்தால் போதும். ஆனால் உச்சியில் காற்று கீழே இருப்பதில் பாதிதான். மண்டை இடிக்கும், வாந்தி வரும், உயிரும் போகும். வழிகாட்டி இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் கால் வைக்க முடியாது. பூங்காவுக்கு நாள் கணக்கில் டாலரில் கட்டணம். ஆறேழு நாள் நடை. விமானச் செலவும் சேர்த்தால் மூன்று லட்சத்தைத் தொட்டுவிடும். சொந்தக் காசு, சொந்த மூச்சு. அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு, சுமையில்.

செம்மலின் முதுகில் ஒரு சின்னப் பை. அதில் தண்ணீர், மழைக்கோட்டு, கடலை மிட்டாய். மற்றதெல்லாம் அடுத்தவன் தலையில். கூடாரம், மெத்தை, காஸ் சிலிண்டர், மடக்கு மேசை, நாற்காலி, முட்டை அட்டை. ஒரு சுற்றுலாக்காரருக்கு மூன்று நான்கு சுமையாட்கள். தலைக்கு 20 கிலோவுக்கு மேல் கூடாது என்று பூங்கா வாசலில் தராசு வைத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். காலையில் செம்மல் கஞ்சி குடித்துக் கிளம்பிய பிறகு இவர்கள் கூடாரத்தைப் பிரித்து, பாத்திரம் கழுவி, மூட்டை கட்டி, பாதி வழியில் அவரைத் தாண்டி ஓடுவார்கள். செம்மல் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த முகாமுக்கு வரும்போது கூடாரம் நிற்கும், கை கழுவ வெந்நீர் இருக்கும், தட்டில் பொரித்த பாப்கார்ன் இருக்கும். அதற்கு மேல் கை தட்டிப் பாட்டு வேறு பாடுவார்கள். பாடாவிட்டால் கடைசி நாள் டிப்ஸ் என்ன ஆகுமோ.

கூடுதல் பணம் கட்டினால் தனிக் கழிப்பறையும் கிடைக்கும். மடக்குக் கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் பேசின். அதை முகாம் முகாமாகத் தூக்கி, கொட்டி, கழுவி வைக்கவென்றே ஓர் ஆள். செம்மல் தின்றதை ஒருவன் சுமந்தான், கழித்ததை இன்னொருவன் சுமந்தான். இந்த ஏற்பாடு நம் ஊர்க்காரர் யாருக்கும் புதிதாகப் படவில்லை என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர்களுக்குக் கூலி? சுமையாட்களின் நலனுக்காக 2003-ல் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. குளிருக்குத் தாங்கும் சட்டையும் காலணியும் இல்லாமல் மேலே போகிறவர்களுக்கு அவற்றை இரவல் கொடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. பனிமலையில் பிழைப்பவனுக்குக் கம்பளிச் சட்டை இரவல்! நாளைக்கு 20,000 ஷில்லிங்காவது கொடுங்கள் என்று பல ஆண்டுகளாக அது கேட்டுவந்தது. நம் பணத்தில் எழுநூறு ரூபாய்க்குப் பக்கம். அதையும் முழுதாகக் கண்ணில் காட்டாத கம்பெனிகள் உண்டு.

வழியெல்லாம் வழிகாட்டி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வருவார்: "போலே, போலே." சுவாஹிலியில் 'மெதுவாக, மெதுவாக' என்று அர்த்தம். அவசரப்பட்டால் உயரம் ஆளைக் கவிழ்த்துவிடும். செம்மல் அதைத் தமிழிலேயே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வீரரைப் போல, சாதித்தவரைப் போல, ஊருக்கு உழைத்தவரைப் போல.

கடைசி ராத்திரி, நடுச்சாமத்தில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஏற்றம். விடியும்போது உச்சி. அங்கே பத்துப் பதினைந்து நிமிடம், அதுவும் போட்டோவுக்கு. கீழே இறங்கியதும் சான்றிதழ்: உச்சியைத் தொட்டவருக்கு ஒரு நிறம், எரிமலை வாயின் விளிம்பில் ஸ்டெல்லா முனையோடு திரும்பியவருக்கு வேறு நிறம். உச்சிக்குக் கீழே கடைசி முகாம் வரை வீட்டையே தூக்கி வந்தவனுக்கு எந்த நிறமும் கிடையாது. அவன் மாதத்தில் இரண்டு மூன்று முறை போய்வருகிறான். அவனுக்கு அது சோலி, இவருக்குச் சாதனை.

இந்த வித்தையைச் செம்மல் கண்டுபிடிக்கவில்லை, பாவம். 1889-ல் ஜெர்மானியர் ஹான்ஸ் மேயரும் ஆஸ்திரியர் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதன்முதலில் உச்சி ஏறினார்கள் என்று புத்தகம் எழுதிவைத்தது. மேயர் அந்த உச்சிக்குத் தன் நாட்டு கைசர் வில்ஹெல்மின் பெயரையே சூட்டினார். இவர்களுக்கு வழிகாட்டிய சாகா இன இளைஞர் யோஹானி லாவோவின் பெயர் உலகத்தின் காதில் விழ, ஏறி நூறு வருஷம் கழித்துக் கொண்டாடிய விழா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1961-ல் நாடு விடுதலை அடைந்தபோது கைசரின் பெயரை அழித்து 'உஹுரு' என்று வைத்தார்கள். உஹுரு என்றால் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தின் மேல்தான் நம்மவர் ஜமக்காளம் விரித்திருக்கிறார்.

ஜமக்காளத்துக்கு வருவோம், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 'அழிந்துவரும் பவானி ஜமக்காளத்தின் பெருமையை உலகுக்குச் சொல்லவே ஏறினேன்' என்று பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் நெசவுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், எழுபதை ஒட்டிய வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நம்ம சரக்கு இல்லீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"பாவு இழையே தெரியுது பாருங்க. மெசின்ல ஓடினது. நம்முளுது கெட்டியா, கனமா இருக்கும். மலைக்கு லேசா இருக்கட்டும்னு எடுத்துட்டுப் போயிருப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, "தூக்குனது அவுருதானுங்களா?" என்றார்.

ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. சட்டம் ஒரு பக்கம், குறியீடு ஒரு பக்கம்; விசைத்தறி நடுவே ராத்திரி பகலாக ஓடுகிறது. விசைத்தறிக்காரன் தறி வைத்திருக்கிறான். கைத்தறிக்காரன் வைத்திருப்பது குழி. ஆமாம், குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு, மிதியை மிதித்து, நாள் முழுக்க உட்கார்ந்து நெய்கிற தொழில். அந்தக் குழியிலிருந்து முழங்கால் வலி இல்லாமல் ஏறி வருவதுதான் அவருக்குச் சிகரம். குழியில் இருக்கிறவருக்குக் கூலி கூட்ட வேண்டும், மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறாமல் ஏதாவது செய்ய வேண்டும். இதில் எதற்கும் ஆக்சிஜன் தேவைப்படாது. அதனாலேயே யாரும் ஏறி வரவில்லை.

மலை ஏறித்தான் தீர வேண்டும் என்றால் பக்கத்திலேயே இருக்கிறது. நம் ஈரோடு மாவட்டத்துக் கத்திரிமலை. காட்டு வழியே பல கிலோமீட்டர் நடந்துதான் அரிசியும் எண்ணெயும் மேலே போய்க்கொண்டிருந்தன. உடம்புக்கு முடியாதவரைக் கம்பில் தொட்டில் கட்டி இறக்கியிருக்கிறார்கள். ராசிபுரத்துப் போதமலையில் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு எந்திரம் தலைச்சுமையாக ஏறியது. ஓட்டு ஏறியது, ரோடு ஏறப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. வேலூர் மாவட்டம் அல்லேரியில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நேரத்துக்கு வைத்தியம் கிடைக்கவில்லை. குழந்தையின் உடலோடு வந்த ஆம்புலன்ஸ் ரோடு இல்லாமல் பாதி வழியில் இறக்கிவிட, பெற்ற தாய் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். அவளுக்கு யாரும் 'போலே போலே' சொல்லவில்லை. மேலே போனதும் பாப்கார்ன் வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

கிளிமஞ்சாரோவில் 3,720 மீட்டர் உயரத்து ஹொரோம்போ குடில் வரைக்கும் 2022-ல் இணைய வசதி கொடுத்துவிட்டார்கள், ஏறுகிறவர் உடனுக்குடன் படம் போட வேண்டுமே என்று. நம் பர்கூர் மலையில் ஆன்லைன் வகுப்புக் காலத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறினார்கள். அதுவும் மலையேற்றம்தான். பேனர் அடிக்க ஆளில்லை.

வெள்ளிங்கிரிக்கு வருஷா வருஷம் நம் சனம் போகிறது. ஏழு மலை. கையில் மூங்கில் தடி, பலருக்குக் காலில் செருப்புகூடக் கிடையாது, தன் மூட்டை தன் தோளில். திரும்பி வந்து கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். எந்த ஆத்தாவும் 'சிகரச் செம்மல்' ஆகவில்லை.

டீயைக் குடித்துவிட்டு பேனரின் கிட்டே போய்ப் பார்த்தேன். ஜமக்காளம் ஆறடி அகலம் இருக்கும். ஒரு முனையைச் செம்மல் பிடித்திருக்கிறார். உச்சியில் அடிக்கிற காற்றில் இன்னொரு முனை தானாக நிற்காது இல்லையா? பேனர் முடிகிற ஓரத்தில், கும்பிடுகிற வட்டச் செயலாளரின் தோளுக்குப் பின்னால், ஒரு கை தெரிகிறது. கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருக்கிறது. மணிக்கட்டோடு வெட்டிவிட்டார்கள். அதையும் சேர்த்து வெட்டினால் ஜமக்காளம் கோணிவிடும் என்று விட்டிருப்பார்கள்.

அடுத்து மூட்டை கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போங்கள், நன்றாக ஏறுங்கள். டிப்ஸை வழிகாட்டி கையில் மொத்தமாகத் திணிக்காமல் சுமந்தவர் கையில் நேராகக் கொடுங்கள். இறங்கியதும் உங்களுக்கு உதவாத கையுறையையும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அவர் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பேனரில் பெரிய இடம் எதுவும் வேண்டாம். அடியில் அச்சகத்தின் போன் நம்பர் போடுகிற இடம் போதும்.