குக்கர் வாஷரும் கப்பல் ஜன்னலும்

வாடா பேராண்டி, உக்காரு. பேரன் பாய்மரப் படகுல வேலை பாக்கறான்னு உங்க ஆயா ஜமுனாமரத்தூர் சந்தை பூரா சொல்லிக்கினு திரியறா. நீ என்னடான்னா, படுக்கை நனையுது தாத்தான்னு ஜவ்வாது மலை ஏறி வந்து நிக்கற. கடல் தண்ணிக்கு வைத்தியம் கேக்க நல்ல ஆளைப் புடிச்ச போ. நான் ஏறின கப்பல் ஒண்ணே ஒண்ணு, கோமுட்டேரியில விடற மிதி படகு. அதுல ஜன்னலே கிடையாது, அதனால ஜன்னல் ஒழுகவும் இல்ல. உங்க முதலாளிகிட்ட இந்த யோசனையைச் சொல்லிப் பாரேன்.

இன்னா பேரு சொன்ன? போர்ட்லைட்டா? படகு அறையோட பக்கச் சுவத்துல ஒரு ஓட்டை, அதுல ஒரு சட்டம், கீல் வச்ச கண்ணாடி, சுத்தி ரப்பரு, முடுக்கறதுக்கு ரெண்டு திருகு. இதுக்குத்தானா இவ்வளவு பெரிய பேரு? நம்ம மலைக்கு இது பழசுடா. வாலியர் வீடுன்னு பலகைக் கல்லுல கட்டி வச்சிருக்குதே, ஆடு மேய்க்கப் போனப்ப நீ பூந்து ஒளிஞ்ச இடம், அந்தக் கல்லுல வட்டமா ஒரு ஓட்டை இருக்கும். இடுதுளைன்னு தொல்லியல்காரங்க சொல்றாங்க. பெருங்கற்காலத்து வேலை, ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. இதுவரைக்கும் உள்ள இருக்கிற ஒருத்தனும் ஒழுகுதுன்னு வாயைத் திறக்கல. செத்தவனுக்குக் கட்டின வீடு பாரு.

சரி, நீ இன்னா பண்ணின? குளியலறைக்குப் பூசற சிலிக்கான் ட்யூபை வாங்கிச் சட்டத்தைச் சுத்திப் பிதுக்கின. சொட்டு நிக்கல. மேல இன்னொரு கோட்டிங். அப்பவும் நிக்கல. அது ஜன்னலா, கேக்கா? இப்ப அந்தச் சிலிக்கானைச் சுரண்டி எடுக்கறதே தனி வேலை. அதோட பிசுக்கு இருக்கிற வரைக்கும் வேற பசை எதுவும் ஒட்டாது.

தண்ணி சொட்டற இடம் வேற, பூந்த இடம் வேறடா. கூரையில மழை தெக்குப் பக்கம் பூந்து, மூங்கில் வழியா நடந்து வந்து, வடக்கே படுத்திருக்கிற என் மூக்கு மேல விழும். படகும் அப்படித்தான். மேல்தளத்துல கைப்பிடிக் கம்பிக்கு அடிச்ச போல்ட்டு வழியா இறங்கி, உள் தட்டிக்குப் பின்னால ஓடி, ஜன்னல் சட்டத்துக்கிட்ட வந்து எட்டிப் பாக்கும். நீ ஜன்னலைத் திட்டுவ.

அதனால மொதல்ல வேவு பாரு. ஒருத்தன் டார்ச் லைட்டோட உள்ள இருக்கட்டும். இன்னொருத்தன் வெளியில ஓஸ் புடிக்கட்டும், பீச்சி அடிக்காம சும்மா வழிய விடட்டும். கீழ இருந்து தொடங்கி மேல போகணும். மேல இருந்து ஊத்தினா எல்லா இடமும் ஒண்ணா நனையும், திருடன் கூட்டத்துல கலந்துடுவான். ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு பத்து நிமிசம் நில்லு. ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வருதா, கண்ணாடிக்கும் அதோட வளையத்துக்கும் நடுவுல வருதா, சட்டத்துக்கும் படகுச் சுவத்துக்கும் நடுவுல வருதான்னு பாரு. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற.

ரப்பர்னா என்கிட்ட கேளு. முப்பது வருசம் கிணத்து மேட்டுல ஆயில் இஞ்சின் பிரிச்சவன் நான். ரப்பர் வெயில்ல வெந்து, வருசக்கணக்கா அமுங்கிக் கெடந்து, அப்படியே தட்டையாப் போயிடும். எழும்பாது. உங்க ஆயா குக்கர் வாஷர் மாதிரி. அப்ப நீங்க இன்னா பண்றீங்க? திருகை இன்னும் ஒரு முடுக்கு முடுக்கறீங்க. ஒரு பக்கம் அமுங்கும், எதிர்ப்பக்கம் வாயைத் திறக்கும். அதுக்கும் சேத்து அதையும் முடுக்குவீங்க. கடைசியில சட்டம் வளையும், இல்ல கீல் உடையும். இஞ்சின் ஹெட் போல்ட்டை ஒரே பக்கமா முடுக்கின பையனை நான் வேலையை விட்டே துரத்தினேன். மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும். விரல் பலம் போதும், ஸ்பானர் வேணாம்.

ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர்ல வச்சுச் சாத்தி இழுத்துப் பாரு. சுத்தி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி புடிக்கணும். வழுக்கிக்கினு வர்ற இடம்தான் உன் படுக்கைக்கு எதிரி. புது ரப்பர் போடறப்ப பழைய பசை ஒரு துணுக்கு இல்லாம பள்ளத்தைத் துடை. நீளத்தை ஒரு நூல் கூடவே வெட்டு, இழுத்துப் போட்டா நாளைக்குச் சுருங்கிச் சந்து விடும். இணைப்பு மேல் பக்கம் வரணும். தண்ணி தேங்கி நிக்கிற கீழ்ப்பக்கத்துல இணைப்பை வச்சிட்டு வந்து என் மூஞ்சில முழிக்காத. படகு கரையில சும்மா கெடக்கிற மாசத்துல மழை இல்லாதப்ப திருகைத் தளர்த்தி வை. ரப்பருக்கும் தூக்கம் வேணும்டா. சட்டத்துல வடிகால் ஓட்டை இருந்தா உப்பும் தூசியும் அடைச்சிருக்கும், குத்தி விடு.

தண்ணி சட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல வந்தா, திருகை எல்லாம் கழட்டிச் சட்டத்தை வெளியில எடுத்தே ஆகணும். சோம்பேறித்தனம் பாக்காத. எடுத்ததும் சுவத்தோட வெட்டுவாயைப் பாரு. ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல மரச்சக்கை வச்சிருந்தா, தண்ணி குடிச்சு ஊறின கஞ்சி மாதிரி இருக்கும். அதைச் சுரண்டி, நல்லாக் காய வச்சு, எப்பாக்ஸி ஊத்தி அடைச்சிட்டு அப்புறம் பூட்டு. நடுவுல பியூட்டைல் நாடாவை வை. களி மாதிரி இழுபடும், கெட்டியாகாது. இன்னிக்குக் கொஞ்சம் முடுக்கு, நாளைக்குக் கொஞ்சம் முடுக்கு, பிதுங்கினதை வெட்டி எடு. அந்தக் காலத்துல கடக்கரைக்காரன் குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சித்தான் மரப்படகு சந்தை அடைச்சான். அவனும் அவசரப்படல. அப்புறம், கண்ணாடி அக்ரிலிக்கா இருந்தா தின்னர், அசிட்டோன் வச்சுத் துடைச்சிடாத, வெடிப்பு ஓடிப் பனி மூட்டமாயிடும். சோப்புத் தண்ணி போதும்.

காவலூர்ல பாத்திருக்கியா? 1986ல வச்ச 2.34 மீட்டர் தொலைநோக்கி. அந்தக் கூண்டுக்கும் திறக்கிற ஜன்னல்தான், வானத்தைப் பாத்து. மேகம் திரண்டா அவங்களுக்கு மொதல் வேலை அதைச் சாத்தறது. நீயோ ஓடற படகுல காத்து வேணும்னு திறந்து வச்சிட்டு, ஒரு அலை உள்ள வந்ததும் ரப்பர் மேல பழியைப் போடற.

படகுல போறவங்களைப் பாரு. நம்ம கடற்படையோட தாரிணிங்கற பாய்மரப் படகுல தில்னாவும் ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபர் 2 அன்னைக்குக் கோவாவுல ஏறினாங்க. ரெண்டே பேரு, 56 அடிப் படகு. கேப் ஹார்னைச் சுத்தி உலகத்தையே வளைச்சிட்டு 2025 மே 29ல கோவா திரும்பினாங்க. ரூபா புதுச்சேரிப் பொண்ணு. நீயும் புதுச்சேரியிலதான் இருக்கற. கயித்துல கட்டின படகுல படுத்துக்கினு நனையற.

மூஞ்சியைத் தூக்காத. சாமைச் சோறு ஆகுது, தின்னுட்டுப் போ. அதா, ஆயா கூப்பிடறா. குக்கர் ஓரத்துல ஆவி போவுதாம். எழுந்து போய்ப் பாருடா. டேய், பையில இருக்கிற அந்தச் சிலிக்கான் ட்யூபை இங்கயே வச்சிட்டுப் போ.